பாலில் செய்த முத்திரை

லேபிள் அச்சடிப்பதுதான் என் தொழில். ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டி விற்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ்மேல் எனக்கு அத்தனை மரியாதை. அதன் முத்திரை காகிதமே இல்லை. பாலிலுள்ள கேசீன் புரதத்தில் செய்த வில்லை. தின்றாலும் கெடுதியில்லை.

பார்மா, ரெஜ்ஜோ எமிலியா வட்டாரத்தில் ஒரு சீஸ் சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால் பிடிக்கிறது. எடை 40 கிலோ வரும். சீஸ் அச்சுக்குள் இளசாக இருக்கும்போதே வரிசை எண்ணுள்ள வில்லையை மேலே வைத்துவிடுகிறார்கள். சீஸ் இறுக இறுக அதுவும் தோலோடு தோலாகிவிடும். பிய்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. 1964 முதல் பக்கவாட்டில் பெயரையும் புள்ளிப் புள்ளியாகப் பதிக்கிறார்கள். 12 மாதம் கழித்துச் சோதகர் வந்து சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார். உள்ளே கோளாறு இருந்து தேறாமல் போனால் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது.

பெயரைக் காப்பது இதைவிடப் பெரிய பாடு. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் காப்பு அளித்த பிறகும் ஜெர்மனியில் வேறு சீஸ்கள் ‘பார்மெசான்’ என்று விற்கப்பட்டன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் போனது. 2008 பிப்ரவரியில் தீர்ப்பு: ‘பார்மெசான்’ என்ற பெயரும் காப்புக்குள் அடங்கும், ஆனால் தானாக முன்வந்து தடுக்கும் கடமை ஜெர்மனிக்கு இல்லை. பின்பாதியை என்னால் ஏற்கமுடியவில்லை. ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் சுமை முழுவதும் பால் கறப்பவர் தலையில் விழுகிறது.

அந்தச் சுமையைக் குறைக்கத்தானோ என்னவோ, 2022இல் அதே கேசீன் வில்லைக்குள் உப்புக்கல் அளவு சிப் ஒன்றைப் பொதித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.