குறளனும் நெடியோனும்

பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டுகளில் குள்ளர், அரக்கர் எனக் கற்பனை இனங்கள் பல உண்டு. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கிவைத்த மரபு இது. அங்கே இனம் முடிவானதும் உயரத்தின் எல்லையும் முடிவாகிவிடும். குள்ளராய்ப் பிறந்தவர் இறுதிவரை குள்ளரே.

நாமக்கல் மலையின் மேற்குப்புறத்து நரசிம்மர் குடைவரை இதற்கு மாறான கணக்கைச் சொல்கிறது. 8ஆம் நூற்றாண்டில் அதியர் குடைவித்த இக்கோயிலில், மாவலியின் முன் நிற்கும் வாமனரும், கால் உயர்த்தி உலகளக்கும் திரிவிக்கிரமரும் ஒரே சிற்பத்தொகுதியில் அமைந்துள்ளனர். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் நெடிய உருவம் மட்டுமே உண்டு, வாமனர் இல்லை. நாமக்கல் சிற்பியோ இரண்டையும் அருகருகே வைத்துவிட்டார்.

சிற்ப நூல்கள் உருவத்தின் உயரத்தை முகத்தைக் கொண்டே அளக்கின்றன. ஒரு முகநீளம் ஒரு தாலம். திரிவிக்கிரமருக்குப் பத்துத் தாலம், வாமனருக்கு ஐந்து என்பது அவை கூறும் விதி. ஆகவே வாமனர் சிறிதாக்கப்பட்ட திரிவிக்கிரமர் அல்லர். உடலை நோக்கப் பெரிய தலையுடைய தனி அமைப்பு அது. அளவு வேறு, அமைப்பும் வேறு. ஆயினும் ஆள் ஒருவரே.

உயரம் பிறப்பின் முத்திரையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? நாமக்கல் செல்லும் அன்பர்களே, உயர்ந்த திருவடியோடு நின்றுவிடாமல் கீழிருக்கும் சிற்றுருவையும் காணுங்கள். அந்தக் காலின் அளவை நம்பித்தானே மாவலி மூன்றடி மண் கொடுத்தான்!