ஷாப்டன் தேவாலயம்: இடைக்காலப் பாணியும் இடைக்காலச் சிற்பமும்

இங்கிலாந்தின் மேற்கில், வேல்சு எல்லையை ஒட்டிய ஹெரிபோர்டுசயரில் ஷாப்டன் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரின் புனித யோவான் தேவாலயம் 1749 முதல் 1756 வரை கட்டப்பட்டது. ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் அடுத்தடுத்து ஆண்ட 1714–1830 காலப்பகுதியை ஆங்கிலேயக் கட்டடக்கலை வரலாறு ‘ஜார்ஜியன் காலம்’ என வழங்கும். கிரேக்க, உரோமானிய மரபைத் தழுவுவதே அன்று பெருவழக்கு. அவ்வழக்கிலிருந்து விலகி இடைக்காலப் பாணியை நாடிய கட்டடங்களுள் ஷாப்டன் குறிப்பிடத்தக்கது. இதனைக் கட்டுவித்த ரிச்சர்டு பேட்மன், டுவிக்கனத்தில் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையைக் கோதிக் பாணியில் உருவாக்கிய ஹொரேஸ் வால்போலின் நண்பர்.

வெளித்தோற்றம் எளியது. உள்ளே நுழைவோரை வெண்மையும் வெளிர்நீலமும் கலந்த ஒளி எதிர்கொள்கிறது. இருக்கைகளின் பக்கப் பலகைகளில் நாலிதழ்த் துளைகள் காணப்படுகின்றன. முதலில் உட்குழிந்து பின் வெளிவளைந்து கூர்நுனியில் முடியும் வளைவுகள் எங்கும் திரும்பத்திரும்ப வருகின்றன. குறுக்குச் சிறகுகளின் முகப்பிலுள்ள வளைவுகளின் முனைகள் தூணின்றி அந்தரத்தில் தொங்குகின்றன. இடைக்காலக் கொத்தரின் கூர்வளைவு பாரம் தாங்கியது. இங்குள்ளது சாந்தாலான அணி. ஒரு சிறகு நிலக்கிழார் குடும்பத்துக்குரியது. அதில் குளிர்காய அடுப்பும் உண்டு. வழிபாட்டிடத்தின் அமைப்பைச் சமயத்தைவிட விருந்தறையின் சுவையே நிர்ணயித்ததோ என்னும் ஐயம் எழுவது இயல்பு.

இப்புதுமைக்காக இடிக்கப்பட்டது உண்மையான இடைக்காலத் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டில், மார்ட்டிமர் குடும்பத்தின் காரியத்தலைவரான ஒலிவர் டி மெர்லிமண்டு அதனைக் கட்டினார். அவர் ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குத் திருப்பயணம் சென்று வந்தவர். அதன் சிற்பங்களைப் படைத்தோர் ‘ஹெரிபோர்டுசயர் சிற்ப மரபினர்’ என அறியப்படுகின்றனர். பழைய கோபுரம் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டது.

திருப்பீடப் பகுதியின் முகப்பு வளைவும் இரு வாயில்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு, வடக்கே ஒரு மேட்டில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டன. தேவாலயத்திலிருந்து நடந்தே அவ்விடத்தை அடையலாம். கூரையற்ற மணற்கல் இரண்டரை நூற்றாண்டு மழையிலும் உறைபனியிலும் தேய்ந்தது. மாட்சிமையில் வீற்றிருக்கும் கிறிஸ்து, பாதாளத்தில் இறங்கி ஆன்மாக்களை மீட்கும் கிறிஸ்து ஆகிய இரு வாயிற்சிற்பங்களும் இன்று நிழலுருக்களாகவே எஞ்சியுள்ளன. அதே மரபினரின் கில்பெக் தேவாலயச் சிற்பங்களோ இன்றும் துலக்கமாக உள்ளன. இவ்வொப்பீட்டில் கல்லின் கடினத்தையும் கணக்கிட வேண்டுமெனினும், கில்பெக் சிற்பங்கள் தமக்குரிய சுவர்களிலேயே நிலைத்தன என்பதைப் புறக்கணிக்க இயலாது.

ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் 1852இல் வெளியிட்ட வரைபடங்களே ஷாப்டன் சிற்பங்களின் விவரங்களை அறிய இன்று முதன்மைச் சான்று. சாந்து வார்ப்புகளும் எடுக்கப்பட்டு இலண்டனின் சிடனம் பகுதியிலிருந்த பளிங்கு மாளிகையில் வைக்கப்பட்டன; 1936ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அம்மாளிகையே அழிந்தது. பழைய திருமுழுக்குத் தொட்டி மட்டும் தேவாலயத்தினுள் உள்ளது. சிங்கங்கள் அதன் அடித்தண்டைச் சுற்றி நடக்கின்றன.