பணியிடத்தில் ஒரு சிலுவை

கழுத்தில் சிறு சிலுவை அணிவது நமக்குப் புதிதல்ல. புதுநன்மை நாளிலோ உறுதிபூசுதலின்போதோ பெற்றோர் போட்டுவிட்டதை நம்மில் பலர் இன்றும் கழற்றுவதில்லை. இங்கிலாந்தில் இரண்டு பெண்கள் அணிந்த சிலுவைகள், ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றன. 2013 ஜனவரி 15 அன்று வந்த ஒரே தீர்ப்பில் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார்.

நாடியா இவெய்டா, ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பணியாளர். சீருடைக்கு மேல் சிலுவை தெரிந்ததால் 2006 செப்டம்பரில் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதே நிறுவனத்தில் சீக்கியரின் தலைப்பாகைக்கும் இஸ்லாமியப் பெண்களின் முக்காட்டுக்கும் அனுமதி இருந்தது. 2007 பிப்ரவரியில் நிறுவனமே விதியை மாற்றிக்கொண்டது. ஆயினும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் அவருக்குத் துணை நிற்கவில்லை. நிறுவனத்தின் தோற்றத்திற்கு அவை மிதமிஞ்சிய மதிப்புத் தந்துவிட்டன என்றது ஸ்ட்ராஸ்பர்க்.

ஷெர்லி சாப்ளின் எக்ஸிட்டர் நகர அரசு மருத்துவமனைச் செவிலியர். 1971இல் உறுதிபூசுதல் பெற்றது முதல் சிலுவை அணிந்து வந்தவர். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், திறந்த புண்ணில் சிலுவை படலாம் என்று மருத்துவமனை தடுத்தது. உடையில் ஊசியாகக் குத்திக்கொள்ளலாம், கழுத்து மூடிய உள்ளாடைக்குள் அணியலாம் என்று வழியும் சொன்னது. சீக்கியச் செவிலியரின் காப்புக்கும் அங்கே அனுமதி இல்லை. சாப்ளின் தோற்றார். நமக்கு இது கசக்கத்தான் செய்கிறது. எனினும் தடைக்குக் காரணம் இருந்தது, மாற்று வழி இருந்தது, எல்லாருக்கும் ஒரே விதி இருந்தது. இவெய்டாவின் நிறுவனத்தில் எல்லாருக்கும் ஒரே விதி இருக்கவில்லை.

ஞாயிறு பற்றிய வழக்கு அமெரிக்காவில் எழுந்தது. ஜெரால்ட் குரோஃப் என்ற அஞ்சல் ஊழியர், ஞாயிறுகளில் அமேசான் பொட்டலங்களைப் பட்டுவாடா செய்ய மறுத்து, நடவடிக்கைக்கு உள்ளாகி, 2019இல் வேலையை விட்டார். சிறிய சிரமத்தைக் காட்டி மறுக்கக் கூடாது, தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்று 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் செல்லாத ஞாயிறுகளில் அந்தப் பொட்டலங்களைச் சுமந்தவர்கள் அவருடைய சக ஊழியர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஷிப்ட் முறையில் உழைக்கும் நம் பங்கு மக்களுக்குத் திருச்சபையே வழி வைத்திருக்கிறது. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் (திருச்சபைச் சட்டம் 1248). தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தை விலக்கும் அளிக்கலாம் (1245). பிறர் ஆண்டவரின் நாளை அனுசரிக்க இயலாதபடி அவர்களிடம் தேவையற்ற வேலையைக் கேட்காதீர்கள் என்று மறைக்கல்வி ஏடு (2187) நம்மிடமே சொல்கிறது. திருப்பலி முடிந்ததும் பிரியாணிக் கடைக்கு விரையும் நமக்கு இது சற்று உறுத்தும்.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நாமே முதலாளிகள். கிறிஸ்துமஸ் இரவுப் பணியை இந்துச் சகோதரிகள் முகம் சுளிக்காமல் ஏற்கிறார்கள். தீபாவளி நாளின் பணிப் பட்டியலில் யார் பெயரை எழுதுகிறோம்? வெள்ளி நண்பகல் தொழுகைக்குக் காவலாளி ஒரு மணி நேரம் கேட்டால், வாயிலில் யாரை நிறுத்துகிறோம்?