எண்ணிக்கை கூடியும் எல்லை குறுகிய தமராவ்: மிண்டோரோவில் திருட்டு வேட்டையின் விளைவுகள்

பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் மட்டுமே வாழும் குட்டைக் காட்டெருமை தமராவ். 1900ஆம் ஆண்டளவில் தீவில் பத்தாயிரம் தமராவ் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 1969இல் அது நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1930களில் பரவிய மாட்டு வெக்கை நோய், தாழ்நிலத்திலிருந்து வந்த குடியேற்றம், மலைப்புல்வெளிகளை வளைத்துக்கொண்ட மாட்டுப் பண்ணைகள், துப்பாக்கி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வீழ்ச்சியில் பங்குண்டு. இன்று தீவின் இக்லிட்-பாக்கோ பூங்காவில் எடுக்கப்படும் ஆண்டுக் கணக்கில் சில நூறு விலங்குகள் தேறுகின்றன. இதை வைத்து மட்டும் தமராவ் மீண்டுவிட்டது என்பதை ஏற்க முடியவில்லை.

காரணம், அந்தக் கணக்கு எங்கே எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. பூங்காவின் பரப்பு 75,000 ஹெக்டேருக்கும் மேல். தமராவ் பெரும்பாலும் காணப்படுவதோ காவலர்களின் ரோந்து எட்டும் சில ஆயிரம் ஹெக்டேருக்குள்தான். பல ஆண்டுகளாகப் புல்வெளிக்குத் தீவைத்து, தளிர் மேய வரும் விலங்குகளை மேட்டிலிருந்து எண்ணிவந்தார்கள். காவலுள்ள மையத்தில் எண்ணிக்கை ஏறியபோதே, வேட்டைக்காரர் எட்டும் விளிம்புகளில் அது சரிந்தது. கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது. வேட்டைக்காரன் கொன்ற விலங்குகளை எண்ணிவிடலாம். அவனுக்கு அஞ்சி விலங்குகள் கைவிட்ட மேய்ச்சல் நிலம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. என் கணிப்பில் அதுவே பெரிய இழப்பு. தமராவ் பெரும்பாலும் தனித்தே திரியும்; ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றுதான். இத்தகைய விலங்கை ஒரே மேட்டில் நெருக்கினால் இனப்பெருக்கம் மந்தப்படும். தொற்றுநோய் ஒன்று நுழைந்தால் மொத்த இனமும் ஒருசேர ஆபத்துக்குள்ளாகும். வெக்கை நோயைக் கண்ட தீவில் இது வெறும் கற்பனையல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 1936லேயே தமராவைக் கொல்வது தடைசெய்யப்பட்டது. 2001ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, அழிவின் விளிம்பிலுள்ள விலங்கைக் கொன்றவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே சட்டம், பழங்குடிகளின் சமயச் சடங்குக்காகச் செய்யப்படும் கொலைக்கு விலக்கும் அளிக்கிறது. இந்த விலக்கைத்தான் ஓட்டை என்று சிலர் சாடுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு இடம் மாறி விழுகிறது என்பேன். மிண்டோரோவின் பழங்குடிகளான மங்கியான் மக்கள் ஈட்டிப்பொறியும் கண்ணியும் வைத்து வேட்டையாடிய நூற்றாண்டுகளில் தமராவ் தீவு முழுதும் இருந்தது. இறைச்சிக்கும் கொம்புக்கும் துப்பாக்கியோடு மலையேறும் தாழ்நிலத்தார் வேறு வகை. முன்னவரின் வேட்டைக்கு வழக்காறு வரம்பிட்டது. பின்னவருக்குச் சந்தை விலை ஒன்றே கணக்கு.

ஆனால் மங்கியானின் பொறியும் இன்று தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை. நூறு விலங்குகளில் ஒன்று விழுவதும் பத்தாயிரத்தில் ஒன்று விழுவதும் ஒன்றல்ல. அதனால்தான் மங்கியானில் ஒரு பிரிவினரான தவ்புயிட் மூத்தோர் தங்கள் மூதாதையர் நிலத்தின் ஒரு பகுதியில் வேட்டையைத் தவிர்க்க இசைந்தது முக்கியமாகிறது. தமராவ் பெருகிய மையம் அவர்கள் விட்டுக்கொடுத்த இடமே. இந்த உடன்பாட்டின் சுமை ஒருபக்கமாகவே இருக்கிறது. தவ்புயிட் குடும்பம் வேட்டைநிலத்தை இழக்கிறது. துப்பாக்கிக்காரனை அதே எல்லையில் நிறுத்த வேண்டியவர்களோ நிரந்தரப் பணியில்லாத ஒப்பந்தக் காவலர்கள். காவலை மையத்தைத் தாண்டி விளிம்புகளுக்கு நகர்த்தாமல் தவ்புயிட்டுகளிடம் இன்னும் கொஞ்சம் நிலம் கேட்பது நியாயமாகாது. ஆண்டறிக்கையில் தலைக்கணக்கோடு, தமராவின் தடம் தென்பட்ட பரப்பும் ஹெக்டேரில் பதிவாக வேண்டும்; அந்த எண் விரியாதவரை வேட்டை குறைந்துவிட்டது என்ற கூற்றுக்குச் சான்றில்லை.