மினிவேன்: ஒரு குடும்ப வண்டியின் வரலாறும் பழைய வண்டித் தேர்வும்

மினிவேன் என்பது மூன்று வரிசைகளில் ஏழு அல்லது எட்டுப் பேர் அமரக்கூடிய குடும்ப வண்டி. தாழ்ந்த தளமும் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கதவும் இதன் அடையாளங்கள். இந்தியச் சாலைகளில் குடும்பங்களுக்கு இன்னோவா செய்யும் வேலையை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் இது செய்து வருகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது குழந்தை பிறந்ததும் சிறிய காரை விற்றுவிட்டு மினிவேன் வாங்குவது அங்கு வழக்கமாகிவிட்டது. செலவு கூடும் அந்தக் காலத்தில் புதிய வண்டி பலருக்குக் கட்டுப்படியாவதில்லை. எனவே அவர்கள் பழைய வண்டிச் சந்தைக்குச் செல்கிறார்கள்.

பழைய மினிவேனை வாங்கும்போது பெரும்பாலானோர் முதலில் ஓடிய தூரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அது தயாரான ஆண்டும் அதே அளவுக்கு முக்கியமானது. இந்த வண்டியின் பாதுகாப்பு அம்சங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. விபத்துகள், விசாரணைகள், சட்டங்கள் ஆகியவற்றின் விளைவாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. ஒரு வண்டியில் அது தயாரான ஆண்டு வரை கட்டாயமாக்கப்பட்டவை நிச்சயம் இருக்கும். பின்னால் வந்தவை இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

முன்னோடிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெரிய குடும்பங்களின் வண்டி ஸ்டேஷன் வேகன் ஆகும். இது நீளமான காரின் டிக்கியைக் கூரையோடு இணைத்த வடிவம். சிலவற்றில் மூன்றாவது வரிசை பின்பக்கம் பார்த்தபடி அமைந்திருந்தது. குழந்தைகள் அங்கே, வண்டியின் பின்கதவுக்கு மிக அருகில் அமர்ந்து பயணம் செய்தார்கள்.

ஐரோப்பாவில் வேறு வழி பிறந்தது. டச்சு வணிகரான பென் பான் 1947-இல் ஒரு பெட்டி வடிவ வண்டியைத் தன் குறிப்பேட்டில் வரைந்தார். அதிலிருந்து உருவான ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வண்டி 1950-இல் உற்பத்திக்கு வந்தது. எஞ்சின் பின்னால் இருந்ததால் உள்ளே இடம் அதிகம். ஆனால் ஓட்டுநரின் கால்களுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையே ஒரு தகடு மட்டுமே இருந்தது.

அமெரிக்க நிறுவனங்களும் 1960-களில் வேன்களைத் தயாரித்தன. அவை சரக்கு வண்டிகளின் உறவினர்களே. பின்சக்கர இயக்கம், உயர்ந்த தளம், பெரிய உடல் ஆகிய காரணங்களால் அவை குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. பல வேன்கள் வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் நுழையவே இல்லை.

ஃபோர்டு கைவிட்ட திட்டம்

வீட்டுக் கொட்டகைக்குள் நிற்கக்கூடிய, காரைப் போல ஓட்டக்கூடிய சிறிய வேன் ஒன்றை ஃபோர்டு நிறுவனத்தில் 1970-களின் முற்பகுதியிலேயே ஹால் ஸ்பெர்லிக் என்ற பொறியாளர் முன்வைத்தார். நிறுவனத் தலைவராக இருந்த லீ அயகோக்காவும் அதை ஆதரித்தார். தாழ்ந்த தளம் வேண்டுமானால் முன்சக்கர இயக்கம் தேவை. அதற்குப் புதிய எஞ்சின் அமைப்பு வேண்டும், பெரும் முதலீடு வேண்டும். இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அதை ஏற்கவில்லை.

ஸ்பெர்லிக் ஃபோர்டிலிருந்து நீக்கப்பட்டு 1977-இல் கிறைஸ்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1978-இல் அயகோக்காவும் நீக்கப்பட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். அப்போது கிறைஸ்லர் திவாலின் விளிம்பில் இருந்தது. 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அமெரிக்க அரசு உத்தரவாதம் அளிக்க 1980 ஜனவரியில் சட்டம் கையெழுத்தானது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் மினிவேன் திட்டம் கைவிடப்படவில்லை. நிறுவனம் ஏற்கெனவே உருவாக்கியிருந்த முன்சக்கர இயக்கக் கே வகைக் காரின் பாகங்கள் அதற்குக் கைகொடுத்தன.

1983: கார் போன்ற வேன்

முதல் மினிவேன் 1983 நவம்பர் 2 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வின்சர் ஆலையிலிருந்து வெளிவந்தது. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரு பெயர்களில் அது 1984 மாடலாக விற்கப்பட்டது. உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு, நீளம் சுமார் 15 அடி. தளம் தாழ்வாக இருந்ததால் குழந்தைகள் தாமே ஏறி இறங்க முடிந்தது. இருக்கைகளைக் கழற்றினால் சரக்கும் ஏற்றலாம். அடுத்த ஆண்டு பிரான்சில் ரெனோ எஸ்பாஸ் வெளிவந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போட்டிக்கு இறக்கிய ஏரோஸ்டார், ஆஸ்ட்ரோ ஆகியவை பின்சக்கர இயக்கத்திலேயே இருந்தன.

ஆரம்ப வண்டிகளில் ஸ்லைடிங் கதவு நடைபாதைப் பக்கம் மட்டுமே இருந்தது. இரு பக்கமும் கதவு வேண்டும் என்ற தேவை 1996 மாடல் கிறைஸ்லர் வண்டிகளில் நிறைவேறியது. மற்ற நிறுவனங்கள் விரைவில் பின்தொடர்ந்தன. பின்வரிசை இருக்கை தளத்துக்குள் மடங்கும் அமைப்பை ஹோண்டா ஒடிசி பரப்பியது. 2005 மாடல் கிறைஸ்லர் வண்டிகளில் நடுவரிசையும் தளத்துக்குள் மடங்கியது. இன்று பழைய வண்டி பார்ப்பவர் கேட்கும் வசதிகளில் பல இந்த இருபது ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை.

சட்டத்தின் பார்வையில் லாரி

குடும்பங்கள் மினிவேனைக் காராகவே பயன்படுத்தின. அமெரிக்கச் சட்டம் அதை இலகு லாரி வகையில் வைத்தது. எரிபொருள் சிக்கன விதிகளில் இது நிறுவனங்களுக்குச் சாதகம். ஆனால் கார்களுக்குக் கட்டாயமான பல பாதுகாப்பு அம்சங்கள் மினிவேனுக்குத் தாமதமாகவே கட்டாயமாயின. பின் இருக்கைத் தோள் பட்டை அவற்றுள் ஒன்று. கார்களின் பின்வரிசை ஓர இருக்கைகளுக்கு அது 1989-இன் இறுதியில் கட்டாயமானது. வேன்களுக்கு 1991 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வண்டியின் பின்வரிசையில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கக்கூடும். குழந்தைகள் அமர்வது அந்த வரிசைகளில்தான்.

பின்கதவுத் தாழ்ப்பாள் விவகாரமும் இதே காலத்தது. 1984 முதல் 1995 வரையிலான கிறைஸ்லர் மினிவேன்களின் பின்கதவு விபத்தின்போது திறந்துகொள்வதாகவும் பயணிகள் வெளியே வீசப்படுவதாகவும் புகார்கள் எழுந்தன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. 1995-இல், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் தாழ்ப்பாளை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாற்றப்படாத வண்டிகளும் மாற்றப்பட்ட வண்டிகளும் ஒரே சந்தையில்தான் விற்பனைக்கு வந்தன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது.

குழந்தை இருக்கையும் வண்டியின் ஆண்டும்

குழந்தைகளைத் தனி இருக்கையில் கட்டி உட்காரவைக்க வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் இயற்றிய மாநிலம் டென்னசி. அது 1978-இல் நடைமுறைக்கு வந்தது. 1985-க்குள் எல்லா மாநிலங்களும் இதுபோன்ற சட்டங்களை இயற்றின. ஆனால் அந்த இருக்கையை வண்டியோடு இறுக்கிப் பிணைப்பது கடினமாக இருந்தது. பட்டை தளர்ந்தால் இருக்கை ஆடும்.

இதற்குத் தீர்வாக 1999-இல் புதிய விதி வந்தது. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி, வேன்களில் 2000 செப்டம்பர் முதல் கட்டாயமானது. கீழ்ப்பகுதியைப் பிணைக்கும் கம்பிகள் 2002 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய பயணி வண்டிகளிலும் கட்டாயமாயின. இந்தக் கம்பிகள் குறைந்தது இரண்டு இருக்கைகளில் இருந்தால் போதும் என்பதே விதி. மூன்று சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் கடைசி வரிசையிலும் கம்பி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இருக்கையை வண்டியின் பட்டையாலேயே கட்ட வேண்டியிருக்கும்.

பழைய மினிவேன் பார்ப்பவர் நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டு வரிசை வருமாறு:

- 1991 செப்டம்பர்: பின்வரிசை ஓர இருக்கைகளுக்குத் தோள் பட்டை
- 1998 செப்டம்பர்: ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் ஏர்பேக்
- 2002 செப்டம்பர்: குழந்தை இருக்கைக் கம்பிகள்
- 2007 செப்டம்பர்: பின்வரிசை நடு இருக்கைக்கும் தோள் பட்டை
- 2011 செப்டம்பர்: வண்டி வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு
- 2018 மே: பின்பக்கக் கேமரா

இவை சட்டம் கட்டாயமாக்கிய நாட்கள். பல நிறுவனங்கள் இவற்றுக்கு முன்பே சில மாடல்களில் இந்த அம்சங்களைப் பொருத்தின. எனவே இந்தத் தேதிகளை ஒட்டித் தயாரான வண்டியை நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

பழைய வண்டிச் சந்தை

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதே பழைய வண்டிச் சந்தையின் அடிப்படைச் சிக்கல். பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியது. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாவிட்டால், வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். முடிவில் சந்தையில் கெட்ட வண்டிகளே மிஞ்சும். தகவல் ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இடைவெளியைக் குறைக்க அமெரிக்க அரசு சில நடவடிக்கைகளை எடுத்தது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது 1972-இல் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமானது. 1981 மாடல் முதல் ஒவ்வொரு வண்டிக்கும் 17 இலக்க அடையாள எண் வந்தது. அதன் பத்தாவது இலக்கம் மாடல் ஆண்டைக் குறிக்கும். 1985 முதல், பழைய வண்டி விற்கும் வணிகர் உத்தரவாதம் உண்டா இல்லையா என்ற அறிவிப்பை வண்டியின் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். 2014 முதல், அடையாள எண்ணைக் கொடுத்து நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆயினும் ஓர் ஓட்டை இன்னும் உள்ளது. திரும்ப அழைக்கப்பட்ட குறை சரிசெய்யப்படாமல் புதிய வண்டியை விற்பனையாளர் ஒப்படைக்கக் கூடாது. பழைய வண்டிக்கு அத்தகைய பொதுவான கூட்டாட்சித் தடை இல்லை. சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

வயதானபின் தெரியும் குறைகள்

ஃபோர்டு விண்ட்ஸ்டார் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1990-களில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மினிவேன்களை மோதிப் பார்த்தது. 1997 மாடல் பான்டியாக் டிரான்ஸ் ஸ்போர்ட்டின் முன்பகுதி மோசமாக நசுங்கியது. விண்ட்ஸ்டார் நல்ல மதிப்பெண் பெற்றது. ஆனால் 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வண்டிகளின் பின் அச்சு துருப்பிடித்து முறியக்கூடும் என்று 2010-இல் திரும்ப அழைப்பு வந்தது. பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில்தான் இந்தச் சிக்கல். புதிதாக இருக்கும்போது நடந்த சோதனை, பன்னிரண்டு குளிர்காலங்களைக் கடந்த வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே ஆண்டில் டொயோட்டா சியன்னாவின் மாற்றுச் சக்கரத்தைத் தாங்கும் கம்பிவடமும் இதே உப்புத் துருவால் அறுந்துவிழலாம் என்று திரும்ப அழைக்கப்பட்டது. எனவே வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதைக் கேட்க வேண்டும். வண்டியை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

ஹோண்டா ஒடிசியில் சிக்கல் வேறு. ஐந்து வேகத் தானியங்கி கியர் பெட்டி சூடேறிப் பழுதாகும் குறைக்காக, 2002 முதல் 2004 வரையிலான ஒடிசி உள்ளிட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோண்டா வண்டிகள் 2004-இல் திரும்ப அழைக்கப்பட்டன. இவற்றை வாங்குபவர் கியர் எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேட்பது அவசியம்.

டைமிங் பெல்ட் மற்றொரு செலவு. 2004 முதல் 2006 வரையிலான சியன்னாவில் ரப்பர் பெல்ட் இருந்தது. 2007 மாடலின் புதிய எஞ்சினில் அதன் இடத்தில் சங்கிலி வந்தது. ஒடிசியின் வி6 எஞ்சினில் பெல்ட் நீடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் மைலில் அதை மாற்ற வேண்டும். 95,000 மைல் ஓடிய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாற்றாமல் ஓட்டி, பெல்ட் அறுந்தால் எஞ்சினே சேதமாகும்.

வீழ்ச்சியும் வாய்ப்பும்

அமெரிக்காவில் மினிவேன் விற்பனை 2000-இல் உச்சம் தொட்டது. அந்த ஆண்டு 13 லட்சத்துக்கும் மேல் விற்றன. பின்னர் எஸ்யூவி வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. பத்தாண்டுகளில் விற்பனை பாதிக்கும் கீழே போனது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் குடும்ப மினிவேன்களை நிறுத்திவிட்டன. மினிவேன் பழுதானது என்பதால் மக்கள் விலகவில்லை. வீட்டுப் பொறுப்புகளின் சின்னமாக அது மாறிவிட்டதால் அதில் காணப்படுவதைப் பலர் விரும்பவில்லை.

புதிய வண்டியைப் பிடிக்காதவர்களின் எண்ணம் பழைய வண்டி வாங்குபவருக்குச் சாதகமாகியது. அதே விலையில் மூன்று வரிசை எஸ்யூவியை வாங்குவதைவிட, சில ஆண்டுகள் புதிதான மினிவேனை வாங்க முடிந்தது. அந்தச் சில ஆண்டுகள்தான் தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் இடையிலான வேறுபாடாகவோ, நிலைப்புக் கட்டுப்பாடு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான வேறுபாடாகவோ அமையலாம்.

பாதுகாப்பு விதிகள் புதிய வண்டிகளுக்கே பொருந்தும் என்பதால், அவற்றின் பயன் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாமதமாகவே சென்று சேர்கிறது. அந்தத் தாமதத்தைத் தனி மனிதரால் முழுவதும் ஒழிக்க முடியாது. ஆனால் விற்பனைக்கு நிற்கும் இரண்டு வண்டிகளில், பளபளப்பான 2001 மாடலை விட்டுவிட்டுக் கீறல் விழுந்த 2003 மாடலை, அதன் அடையாள எண்ணையும் ரசீதுகளையும் சரிபார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தத் தேர்வே பொருத்தமானது.