வீட்டை ஊருக்குக் கொடுத்தவர்

 

திருவிழாவுக்கு ஊர் திரும்பும் காலம் இது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் பிழைப்புக்காகத் தங்கிவிட்ட நம் பிள்ளைகள் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்குகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரம் கண்ணில் பட்டதுமே மூட்டை முடிச்சுகளை எடுத்து வைக்கத் தொடங்குகிறோம். அடுத்து இராஜபாளையம். மேற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். நம் ஊர் வந்துவிட்டது என்று மனம் நிறைகிறது.

ஆனால் தெருவுக்குள் நுழைந்ததும் குறைகள் தொடங்குகின்றன. நாம் விளையாடிய திடலில் கடைகள் வந்துவிட்டன. தண்ணீர் இறைத்த கிணற்றை மூடிவிட்டார்கள். நம் வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. "நம்ம ஊர் முன்ன மாதிரி இல்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். ஊர் நமக்கு எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று தேடுகிறோம். ஊருக்கு நாம் எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வால் பதில் சொன்ன ஒருவர் இதே இராஜபாளையத்தில் பிறந்தவர். அவருடைய வரலாற்றை இன்று நினைத்துப் பார்ப்போம்.

பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ஆம் நாள் இராஜபாளையத்தில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உற்றாரும் உறவினரும் எடுத்து வளர்த்த பிள்ளை அவர். காந்தியடிகளின் வழியில் பொதுவாழ்வுக்கு வந்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவி விலகியபின், 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று மாகாண அரசின் தலைவரைப் 'பிரதமர்' என்றே அழைத்தார்கள். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது அவரே பொறுப்பில் இருந்தார். அதன்பின் அந்தப் பதவி 'முதலமைச்சர்' என்று பெயர் பெற்றது. இன்றைய ஆந்திராவின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு அது. நம் ஊர்க்காரர் ஒருவர் அதை ஆண்டார்.

1952-இல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. படித்தவர், படிக்காதவர், ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி வயது வந்த அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல். மழை பொய்த்து, அரிசி ரேஷனாகி, மக்கள் வாடியிருந்த காலம். 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியான காங்கிரஸுக்கு 152 இடங்களே கிடைத்தன. முதலமைச்சர் குமாரசாமி ராஜா நின்றது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில். பிறந்த வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர். அங்கே அவர் தோற்றார். அவரை அறியாத அயலூரார் அல்ல, அறிந்து பழகிய மக்களே அவருக்கு விடைகொடுத்தார்கள்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இதே விருதுநகர் மாவட்டத்தின் இன்னொரு மைந்தர் பெருந்தலைவர் காமராசர். பள்ளிகளைத் திறந்து, மதிய உணவு தந்து, நாடே போற்றிய அவரையும் 1967-இல் சொந்த ஊரான விருதுநகர் தோற்கடித்தது. ஊர் என்பது தாய் போல அணைக்கும்; சில வேளைகளில் நீதிபதி போலத் தீர்ப்பும் சொல்லும்.

நம் ஆண்டவரும் இதை அனுபவித்தார் அல்லவா? நாசரேத்து சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே தச்சுப் பட்டறையில் வேலை செய்து வளர்ந்தவர் இயேசு. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் சென்று ஏசாயாவின் சுருளை வாசித்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. முதலில் எல்லாரும் வியந்தார்கள். பிறகு, இவர் யோசேப்பின் மகன்தானே என்றார்கள். கடைசியில் மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடவே கொண்டுபோனார்கள். அதே நாசரேத்தைப் பற்றி மாற்கு நற்செய்தி சொல்லும் ஒரு சிறு செய்தியை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அந்த ஊராரின் நம்பிக்கையின்மையைக் கண்டு ஆண்டவர் வியப்புற்றார். ஆயினும் உடல்நலமற்ற சிலர்மேல் கைவைத்துக் குணமாக்கினார். தம்மை ஏற்றுக்கொள்ளாத ஊரிலும் அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார். பிறகு சுற்றியிருந்த ஊர்களுக்குக் கற்பிக்கச் சென்றார்.

குமாரசாமி ராஜாவின் வாழ்விலும் இந்த வெளிச்சத்தைப் பார்க்கிறோம். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை அவர் ஊருக்கே கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். அவர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணிபுரிந்தார். 1957 மார்ச்சில், 58-ஆம் வயதில் காலமானார். ஊர் அவருக்கு வாக்கு மறுத்தது உண்மை. அவர் தந்த வீடு ஊரிடமே இருப்பதும் உண்மை. வாக்குப் போடாதவருக்கும் அந்த வாசல் திறந்தே இருந்தது. ஊர் எனக்கு என்ன செய்தது என்று கணக்குப் பார்த்திருந்தால், அந்த வீட்டுக்கும் இன்று ஒரு பூட்டுதான் தொங்கியிருக்கும்.

அன்பானவர்களே, நம் தெருக்களில் பூட்டிய வீடுகள் எத்தனை! ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் திறந்து, ஒட்டடை அடித்து, மறுநாளே மீண்டும் பூட்டிவிடுகிறோம். சில வீடுகளில் பூட்டு ஒன்று, சாவி கேட்பவர் நான்கு பேர். பாகப்பிரிவினை முடியாமல், அண்ணன் வந்தால் தம்பி வருவதில்லை. ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே பீடத்தின்முன் நற்கருணை வாங்குகிறார்கள். வெளியே வந்ததும் முகம் பார்ப்பதில்லை. இன்னும் சில வீடுகள் பூட்டப்படவில்லை. உள்ளே வயதான அம்மா ஒருவர் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிறார். அந்த வீட்டின் விலை என்ன என்று விசாரிக்கிறோம். அந்த அம்மா சாப்பிட்டாரா என்று யார் விசாரிக்கிறார்கள்?

எல்லாரும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. வீடு நமக்கு வேண்டியதுதான். ஆனால் நாம் வளர்ந்த தெருவுக்கு நாம் கடன்பட்டவர்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஷாயம் வைத்துத் தந்தது பக்கத்து வீட்டு அத்தை. அப்பா மில்லில் இரவு ஷிப்டுக்குப் போனபோது நமக்குத் துணைக்குப் படுத்தது எதிர்வீட்டுத் தாத்தா. அவர்கள் நம் சாதியா, நம் மதமா என்று அன்று நாம் கேட்டதில்லை. அந்தக் கடனைப் பழங்கதை பேசித் தீர்க்க முடியாது.

ஆகவே இந்தத் திருவிழாவில் மூன்று காரியங்கள் செய்வோம். பூட்டிய வீட்டில் ஓர் அறையையாவது தெருப் பிள்ளைகள் மாலையில் படிக்கத் திறந்துவிடுவோம்; சாவியைப் பக்கத்து வீட்டில் நம்பிக் கொடுப்போம். பேச்சு நின்றுபோன உடன்பிறப்பின் வாசலுக்கு, பத்திரத்தை எடுத்துச் செல்லாமல், ஒரு பொட்டலம் பால்கோவாவோடு போவோம். நம்மைத் தூக்கி வளர்த்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, அரைமணி நேரம் அவர் பேசக் கேட்போம்.

சிலர் நம்மை வரவேற்க மாட்டார்கள். பழைய மனக்கசப்பைச் சொல்லிக் காட்டுவார்கள். நாசரேத்தில் ஆண்டவருக்கு நடந்ததைவிட அது பெரிதாக இருக்கப்போவதில்லை. அங்கேயும் கைநீட்டிக் குணமாக்கச் சில நோயாளிகள் இருந்தார்கள். நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

நாசரேத்தூர் இயேசுவே, நாங்கள் பிறந்து வளர்ந்த ஊருக்குக் கேட்கும் கைகளோடு அல்ல, கொடுக்கும் கைகளோடு திரும்பிவர எங்களுக்கு அருள் தாரும். ஆமென்.