டேங்க் வெல்டிங் செய்யப்படாது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் வண்டியைப் பிரித்து மாட்டும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

என் பேரன் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தவன், பத்து வருடமாகக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த என் பழைய புல்லட்டை வெளியே உருட்டினான். இரண்டு நாளில் ஒரு சின்ன இன்வெர்டர் வெல்டிங் மிஷினும் பார்சலில் வந்து இறங்கியது. "தாத்தா, டேங்க் அடியில துரு பிடிச்சு பொத்தல் விழுந்திருக்கு. நானே பத்த வச்சிடுறேன். வீடியோ எல்லாம் பாத்துட்டேன்" என்றான்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். "டேங்க்கைத் தொடாதே. முதலில் இரும்பு எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்துகொள்" என்றேன். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்திய பழக்கம் விடுமா? மறுநாள் காலை அவனைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிக் கீழவாசல் பீரங்கி மேட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி அது. 17ஆம் நூற்றாண்டு. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன் எடை. பார்ப்பவர்கள் அச்சில் வார்த்தது என்றே நினைப்பார்கள். வார்த்ததல்ல. நீளமான தேனிரும்புப் பட்டைகளைக் குழாய் போல அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, சம்மட்டியால் அடித்து அடித்து ஒன்றாக்கியது. டெல்லி இரும்புத் தூணும் இப்படி இரும்புக் கட்டிகளை உலையில் காய்ச்சி அடித்து இணைத்ததுதான். நம் ஊர்க் கொல்லுப் பட்டறையில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடும்போது இரண்டு முனைகளையும் வெள்ளையாகக் காய்ச்சி அடித்துச் சேர்ப்பார்களே, அதே வித்தை. பல நூற்றாண்டுகளாக வெல்டிங் என்றால் இது ஒன்றுதான்.

இதில் ஒரு குறை உண்டு. உலையில் வைத்தால் சுற்றியுள்ள பகுதி எல்லாம் சேர்ந்து காயும். மெல்லிய குழாயில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் உருக்க முடியாது. அதற்கு 19ஆம் நூற்றாண்டில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று நெருப்பு, மற்றொன்று மின்சாரம்.

முதலில் நெருப்பு. என் வயதுக்காரர்களுக்குக் கார்பைடு விளக்கு நினைவிருக்கும். கல்லில் தண்ணீர் சொட்டினால் ஒரு வாயு வரும், குப்பென்று பூண்டு நாற்றம் அடிக்கும். மாம்பழ மண்டியில் திருட்டுத்தனமாக வைத்துப் பழுக்க வைப்பதும் அதே கல்தான். 1892இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் வேறு எதையோ செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. அதிலிருந்து வரும் வாயு அசிட்டிலின். 1895இல் பிரான்சின் லெ ஷாத்தலியே, அசிட்டிலினை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்தால் 3000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சுடர் கிடைக்கும் என்று காட்டினார். இரும்பு உருக 1538 டிகிரி போதும். அடுத்த சில ஆண்டுகளில் கையில் பிடிக்கும் டார்ச்சும் பிரான்சிலேயே வந்துவிட்டது. நாம் 'கேஸ் வெல்டிங்' என்பது இதைத்தான்.

ஆனால் அசிட்டிலின் பொல்லாத வாயு. மற்ற வாயுக்களைப் போல அழுத்தி அடைத்தால், பக்கத்தில் காற்றே இல்லாவிட்டாலும் தானாக வெடிக்கும். இதற்கு வழி காண உழைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் தாலேன். சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் திரவத்தை ஊறவைத்து, அந்தத் திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கும் முறையைப் பத்திரமானதாக ஆக்கினார். பட்டறையில் நிற்கும் அசிட்டிலின் சிலிண்டர் வெறும் கூடு அல்ல, உள்ளே பஞ்சு போல நிரப்பியிருக்கிறது. அதைப் படுக்க வைத்து எடுக்கக் கூடாது என்று மேஸ்திரி திட்டுவதற்கும் இதுதான் காரணம். படுத்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும்.

1912இல் அசிட்டிலின் சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வெடித்து, தாலேனுக்கு இரண்டு கண்களும் போயின. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு. கலங்கரை விளக்குகளுக்கு அவர் செய்த தானியங்கிக் கருவிகளுக்காகக் கிடைத்தது. அவரால் போக முடியவில்லை, கண் மருத்துவரான அவருடைய அண்ணன் போய் வாங்கிவந்தார். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சத்தைச் செய்தவர் அதன்பிறகு இருட்டிலேயே இருந்தார். இருந்தும் 1937இல் இறக்கும்வரை தன் கம்பெனியைத் தானே நடத்தினார்.

அடுத்தது மின்சாரம். 1880களின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசில் பெனார்தோஸ் என்பவர் கரிக்கம்பிக்கும் இரும்புக்கும் இடையே தீப்பொறி உண்டாக்கி இரும்பை ஒட்டினார். 1888இல் ஸ்லாவ்யானோவ் கரிக்குப் பதில் உலோகக் கம்பியையே வைத்தார், கம்பியே உருகி இணைப்பானது. ஆனால் உருகிய இரும்பில் காற்று கலந்து இணைப்பு நொறுங்கியது. ஸ்வீடனில் கப்பல் கொதிகலன்களைப் பழுது பார்த்துவந்த ஆஸ்கர் செல்பெரி, கம்பியின் மேல் ஒரு பூச்சு பூசினார். பூச்சு எரிந்து வரும் புகையும் மேலே படியும் கசடும் காற்றை அண்டவிடாமல் காக்கும். 1904இல் அதற்காகவே ஒரு கம்பெனி தொடங்கினார். இன்று நம் தெருமுனைப் பட்டறையில் சுத்தியலால் 'ஸ்லாக்' தட்டுகிறார்களே, அந்தக் கசடு அவர் வழி வந்தது.

இனி மோட்டார் சைக்கிள். ஆரம்பகால வண்டிகளில் பிரேம் குழாய்களை வெல்டிங் செய்யவில்லை. வார்த்த இரும்பு மூட்டுகளுக்குள் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஓடவிட்டார்கள். அதில் குழாய் உருகாது, பித்தளை மட்டும் இடுக்கில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் செய்தவர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. அந்த மூட்டுகளைத் தூக்கி எறிந்து காட்டியவர்களில் ஒருவர் பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்கான்லெஸ். பொறியியல் கல்லூரிப் படிப்பு இல்லாமல் தானாகக் கற்றவர். தம்பியோடு சேர்ந்து, எஃகுக் குழாயை இரட்டை வளையமாக வளைத்து, வெண்கலக் கம்பியால் கேஸில் பற்றவைத்து ஒரு பிரேம் செய்தார். நார்ட்டன் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1950இல் அந்தப் பிரேமில் ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஜெயித்தார். இறகு மெத்தையில் உட்கார்ந்தது போல இருக்கிறது என்று ஓட்டியவர் ஒருவர் சொன்னதால் அதற்கு 'ஃபெதர்பெட்' என்று பெயர் நின்றுவிட்டது.

இதைக் கேட்டதும் பேரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நானும் பிரேம் செய்யலாமா தாத்தா?" என்றான். அதற்குப் பதிலாக ஒரு கப்பல் கதை சொன்னேன்.

1943 ஜனவரி. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் துறையிலே சும்மா நின்றிருந்தது. புயலும் இல்லை, குண்டும் இல்லை. ராத்திரி பெரிய சத்தத்தோடு நடுவில் இரண்டாகப் பிளந்தது. போர் அவசரத்தில் ரிவெட் அடிக்காமல் முழுக்க வெல்டிங்கில் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்கள் ஏன் இப்படி விரிசல் விட்டன என்று கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி, குளிரில் அந்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அடைகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் செய்ததில் எல்லாம் ஒரே உடம்பு. விரிசலுக்கு நிற்க இடமில்லை.

மேலே பளபளவென்று இருக்கும் வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. பிரேம், போர்க், ஹேண்டில்பார் இவை விட்டுப்போனால் ரோட்டில் உயிர் போகும். அதில் கற்றுக்கொள்ளக் கூடாது.

பிறகு அவனை என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். அவர் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். முதல் பத்து நாள் வண்டிப் பக்கமே போகாதே. கழித்துப்போட்ட 3 மில்லிமீட்டர் பட்டைத் துண்டுகள், 2.5 மில்லிமீட்டர் ராடு, 70, 80 ஆம்பியர். துருவையும் பெயிண்டையும் கிரைண்டரில் தேய்த்து எடு. கோடு போட்டுப் பழகு. இரண்டு துண்டை ஒட்டி, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார். எங்கே உடைகிறது என்று பார்த்தால் தப்பு தெரியும். ஜிஐ பைப்பில் வைக்காதே, துத்தநாகப் புகை ராத்திரி குளிர்காய்ச்சல் கொண்டுவரும். கண்ணாடி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கும். வண்டியில் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்று. முதல் வேலையாக ஸ்பேனர் மாட்டும் சட்டம் செய், அடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு.

அந்தப் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு இருக்கிறது: "டேங்க் வெல்டிங் செய்யப்படாது".

1994இல் அவர் எட்டாம் வகுப்பு. ஆசிரியர் பற்றாக்குறையால் அந்த வருடம் அறிவியலும் நான்தான் எடுத்தேன். "படிக்கலேன்னா பட்டறைக்குத்தான் போகணும்" என்று நான் அதட்டிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். அடுத்த வருடம் பட்டறைக்கே போய்விட்டார். பதினாறு வயதில், பெட்ரோலைக் கொட்டிச் சோப்புத்தண்ணீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்த ஒரு மொபெட் டேங்க்கைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டார்ச்சைக் கொண்டுபோன மாத்திரத்தில் வெடித்தது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு அந்தப் பையன் கேட்டது: "டேங்க்ல பெட்ரோலே இல்ல சார். சுத்தமா காலி. அப்புறம் எப்படி சார் வெடிச்சுது?"

நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. ஆவியாதல் பாடத்தை அவனுக்கு நடத்தியவனே நான்தான். ஈரத்துணியைக் கொடியில் காயப்போட்டுக் காட்டினேன், பெட்ரோல் டேங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில் இதுதான். எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4லிருந்து 7.6 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்க்கில் ஆவி அதைவிட அடர்த்தி. காலி டேங்க்கில்தான் அளவு சரியாக வந்து சேரும். துருவிலும் மடிப்பிலும் ஒளிந்திருக்கும் சொட்டுப் பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகிவிடும். கழுவினாலும் காயவைத்தாலும் நம்ப முடியாது.

போன வாரம் பட்டறையில் உட்கார்ந்து இதை அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம வந்துட்டேன்ப்பா" என்றேன். அவர் சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு சார். இப்ப வீட்டுக்கு வீடு மிஷின் வாங்கி வச்சிருக்காங்க. அந்தப் பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

அதற்காகத்தான் இந்தப் பதிவு.

புல்லட்டுக்கு வேறு டேங்க் வாங்கிவிட்டோம். ஸ்பேனர் சட்டம் கொட்டகையில் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. பேரன் இப்போது ஸ்டாண்டு செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு வாத்தியார் என் மாணவர்தான். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இப்படி வேலை சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரிகள் இருந்தால் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.